மாமனார் காத்திருந்த முகம்

வட மெக்ஸிகோவின் இந்த லகூனாப் பகுதியில் எட்டு விளையாட்டில் இரண்டாமிடம் பிடித்தவன் என்னைத் தவிர இன்னொருவன் கிடையாது. முதலிடம் பிடித்தவர்கள் எட்டுப் பேர் உண்டு, விளையாட்டுக்கு ஒருவர். அவர்களில் எவருக்காவது வேறொரு விளையாட்டு தெரியுமா என்று விசாரித்துப் பாருங்கள். தெரியாது. ஓடியவனுக்கு நீந்த வராது. நீந்தியவனுக்குப் பந்து பிடிக்க வராது. எனக்கு எல்லாம் வரும். எல்லாவற்றிலும் எனக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்தான் நின்றான். அந்த ஒரு ஆள் அங்கே நின்றதற்கும் நான்தான் காரணம்.

என் பெயர் ரோசெந்தோ சமாரிபா. தொரெயோன் ஊருக்குக் கிழக்கே ஒரு பருத்திக் காட்டில் பிறந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு பருத்தி எடுக்கப் போனேன். எனக்காக யாரிடமும் பேச ஒரு சித்தப்பா கிடையாது, கைகாட்டிவிட ஒரு பாதிரியார் கிடையாது. பதினேழு வயதில் காட்டிலிருந்து ரயிலடிவரை ரயிலோடு சேர்ந்து ஓடுவேன். அதை ஜன்னல் வழியாகப் பார்த்த சோப்பு ஆலை அதிகாரி ஒருவர், அடுத்த நிலையத்தில் இறங்கி என் பெயரைக் கேட்டு, அங்கேயே வேலை கொடுத்தார். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அது மெதுவாகப் போகும் ரயில் என்று சேர்த்துச் சொன்னால் நம்புகிறார்கள்.

அந்தக் காலத்தில் ஆலைக்கு ஆலை விளையாட்டு அணிகள் இருந்தன. பெயருக்கு நான் சோப்புப் பெட்டி அடுக்குபவன். உண்மையில் ஆலையின் கால், கை, தோள் எல்லாம் நான்தான். சைக்கிள் பந்தயத்தில் எண்பது கிலோமீட்டர் முன்னால் போனேன். கடைசிக் கிராமத்தில் சாலையோரம் நின்ற பெண்கள் கைக்குட்டையை ஆட்டினார்கள். மரியாதை தெரிந்தவன் ஆதலால் கைப்பிடியை விட்டுவிட்டுக் குனிந்து வணங்கினேன். சைக்கிள் வாய்க்காலுக்குள் போனது. குத்துச்சண்டையில் எதிராளியைக் கீழே தள்ளியதும் ஜனங்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினேன். நடுவர் எட்டு எண்ணும்போது அவன் எழுந்துவிட்டான். நான் இன்னும் மாடி வரிசைக்குக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். ஈட்டி எறிதலில் மாநிலத்திலேயே நீளமான எறி என்னுடையது. எங்கே போய் விழுகிறது என்று எல்லோரோடும் சேர்ந்து பார்க்க ஆசைப்பட்டுக் கோட்டைத் தாண்டி ஓடிவிட்டேன். மற்ற ஐந்தில் பேஸ்பாலைத் தவிர எதை விவரமாக எழுதினாலும் காகிதம்தான் வீண். எல்லாம் இந்த ரகம்.

ஐம்பத்தேழில் பேஸ்பால் இறுதி ஆட்டம். எதிராளிகள் ரயில்வேக்காரர்கள். கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு பந்தைப் பிடித்து உடனே உள்ளே எறிந்தால் கோப்பை எங்களுக்கு. பிடித்தேன். ஓடி, காற்றில் நீந்தி, தரையில் உருண்டு, ஒற்றைக் கையால் பிடித்தேன். அப்படி ஒரு பிடியை அந்த மைதானம் அதற்கு முன் பார்த்ததில்லை. எழுந்து நின்று பந்தை உயர்த்தி, முதலில் நிழல் பக்கத்து ஜனங்களுக்குக் காட்டினேன். பிறகு வெயில் பக்கத்து ஜனங்களுக்கும் காட்டினேன், அவர்களும் டிக்கெட் வாங்கி வந்தவர்கள்தானே. அதற்குள் ரயில்வேக்காரன் ஒருவன் ஓடிவந்து ஓட்டத்தை முடித்துவிட்டான். ஆட்டம் போய்விட்டது.

எங்கள் ஊரில் விசில் பாராட்டு அல்ல. ஐந்து இழுப்பாக விசிலடித்தால் பெற்ற தாயைப் பழித்ததாக அர்த்தம். அன்றைக்கு நாலாயிரம் பேர் ஒரே மூச்சில் அந்த ஐந்து இழுப்பையும் இழுத்தார்கள். என் அம்மாவும் வெயில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் விசிலடித்ததாக என் தங்கை பின்னால் சொன்னாள்.

உடை மாற்றும் அறை வாசலில் கறுப்பு உடையில் ஒரு விதவை எனக்காகக் காத்திருந்தார். தோன்யா எலோய்சா. சந்தைக்குப் பின்னால் இருந்த மல்யுத்த அரங்கின் முதலாளியம்மா. அழுது சிவந்த என் கண்ணைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"தம்பி, இந்தச் சத்தத்துக்காக நான் ஆளுங்கள அஞ்சு வருஷம் பழக்குறேன். அப்பவும் பாதி அரங்குதான் கத்தும். நீ ஒரு பந்தக் காட்டியே மொத்த மைதானத்தையும் கத்த வெச்சுட்ட."

ஜனங்கள் கைதட்டுவார்கள் என்று நினைத்துத்தான் காட்டினேன் என்று சொன்னேன்.

"அதத்தான் நானும் சொல்றேன். வேணும்னே பண்றவன ஜனம் கொஞ்ச நாள்ல மன்னிச்சிடும். உன்ன மன்னிக்கவே மன்னிக்காது. உனக்கு இது வரம்."

இப்படித்தான் நான் ரூடோ ஆனேன். கோதாவில் இரண்டு ஜாதி உண்டு. ஒழுங்காகச் சண்டை போடுகிற நாயகன் ஒரு ஜாதி. கண்ணைக் குத்தி, முடியைப் பிடித்து இழுத்து, நடுவருக்குத் தெரியாமல் உதைக்கிற வில்லன் இன்னொன்று. அவனுக்குத்தான் ரூடோ என்று பெயர். இரண்டு வருஷம் விழுவதற்குப் பழகினேன். முதுகில், பக்கவாட்டில், தலைகீழாக, கயிற்றுக்கு வெளியே முதல் வரிசை நாற்காலிகள்மேல் விழுவதற்குப் பழகினேன். கோதாவில் நடப்பதெல்லாம் நிஜமா என்று கேட்பவர்களை என் இடது தோள்பட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். யார் ஜெயிப்பது என்பது எப்படி முடிவாகும் என்று கேட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். இங்கேயும் அப்படியே.

எனக்குப் பெயர் வைத்தது தோன்யா எலோய்சா. நான் என்னைப் பற்றிப் பேசுவதை அரைமணி நேரம் கேட்டுவிட்டு, "பட்டதாரி" என்றார். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, கையில் வாத்தியார் குச்சி, கக்கத்தில் ஒரு தடிப் புத்தகம், முகம் முழுக்க மூடிய வெள்ளை முகமூடி. கோதாவில் ஏறியதும் புத்தகத்தைத் திறந்து, கீழே இருக்கும் ரயில்வேக்காரர்களையும் பருத்திக்காரர்களையும் பார்த்து, இதெல்லாம் உங்களுக்கு எங்கே புரியப் போகிறது என்கிற மாதிரி மூக்கால் ஒரு பொய்க் குரலில் வாசிப்பேன். அது தொரெயோன் நகரத் தொலைபேசிப் புத்தகம், கறுப்புத் துணியில் அட்டை போட்டது. மூன்றாம் வகுப்புக்காரன் எவ்வளவு வேகமாக வாசிப்பானோ அவ்வளவு வேகத்தில்தான் வாசித்தேன். அந்த நிறுத்தி நிறுத்திய வாசிப்பைத் திமிர் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு விழுந்த வசவு இருக்கிறதே, எப்பேர்ப்பட்ட ஆதரவு.

இந்த நேரத்தில்தான் ஒத்தீலியாவைக் கல்யாணம் செய்தேன். அவளுடைய அப்பா தோன் நிகாசியோ ஃபவேலா, ரயில் எஞ்சின் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பெண் கேட்கப் போனபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சர்க்கஸ்காரன், பாட்டுக்காரன், கோதாக்காரன் யாருக்கும் பெண் கிடையாது, சம்பளம் வாங்குகிற ஆளாக இருக்க வேண்டும். நான் சோப்பு ஆலைச் சம்பளச் சீட்டைக் காட்டினேன். பெண் கிடைத்தது. எவன் தயவும் இல்லாமல் என் காலில் நின்ற நான், அந்தக் காலோடு போய் மாமனார் வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாகக் குடியேறினேன். ஞாயிற்றுக்கிழமை ஆலை அணிக்காக வெளியூரில் பேஸ்பால் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒத்தீலியாவுக்கு எல்லாம் தெரியும். முகமூடியைத் தைத்தவளே அவள்தான். துவைத்து, மடித்து, மாவு டப்பாவுக்குப் பின்னால் வைப்பாள்.

இவ்வளவும் சமாளித்திருப்பேன். ஆனால் தோன் நிகாசியோ ஞாயிறு தவறாமல் மல்யுத்த அரங்கில் முதல் வரிசையில் உட்காருகிறவர். இந்த உலகத்தில் அவர் மனதார வெறுத்த ஒரே ஆள் பட்டதாரி.

ஞாயிறு சாயங்காலம் அவர் என்மேல் ஆரஞ்சுப் பழம் எறிவார். திங்கள் மதியம் அவரும் நானும் ஒரே மேஜையில் பயறும் கோதுமை ரொட்டியும் சாப்பிடுவோம். என் காது சிவந்திருக்கும். பந்து பட்டது மாமா என்பேன். பார்த்து விளையாடு மாப்பிள்ளை என்று அக்கறையோடு சொல்லிவிட்டு, முந்தின நாள் சண்டையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார். என்னைப் போல் ஒரு ரசிகன் அந்தப் பேச்சுக்குக் கிடைக்க மாட்டான். நான் ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிடுவதில்லை.

"உதைக்கிறது எனக்குப் பெருசில்ல. எல்லா ரூடோவும் உதைக்கிறான். நேத்து என்ன பண்ணினான் தெரியுமா? அறிவிப்பாளர்கிட்ட இருந்து மைக்க வாங்கினான். வாங்கிட்டுப் பேசறதுக்கு முன்னால கைக்குட்டைய எடுத்து அந்த மைக்கத் தொடச்சான். நம்ம ஆளு வாய் நாறுதாம். நாப்பது வருஷம் கிரீஸ்ல கை வெச்சவன் நான். எனக்கு எரிஞ்சிருச்சு மாப்பிள்ள."

உண்மையில் எனக்கு அன்றைக்குச் சளி. என் மூக்கைத் துடைத்த கைக்குட்டை தவறிப்போய் மைக்கில் பட்டது. அடுத்த ஞாயிறு மூன்று தடவை துடைத்தேன். அரங்கத்தில் நாற்காலிகள் பறந்தன. இப்படி வாராவாரம். எந்த இடத்தில் எரிகிறது என்று அவர் சொல்வார், அந்த இடத்தில் நான் போய் இன்னும் கொஞ்சம் தேய்ப்பேன். நாலு வருஷத்தில் வட மெக்ஸிகோவிலேயே அதிகம் வெறுக்கப்பட்ட ஆள் ஆனேன். என் திறமை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அறுபத்துநாலில் அரங்கின் ஆண்டு விழா வந்தது. தோன்யா எலோய்சா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். முகமூடிப் பந்தயம் என்றார். எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தோற்றவன் முகமூடியைக் கழற்றி, மண்டியிட்டு, ஜனங்கள் முன்னால் தன் உண்மையான பெயர், பிறந்த ஊர், எத்தனை வருஷமாக இந்தத் தொழில் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். அதன் பிறகு சாகும்வரை முகமூடி போடக்கூடாது. எனக்கு எதிராக நீல நாரை. நாயகர்களில் அவனுக்குத்தான் அப்போது மவுசு. சந்தையில் கறிக்கடை வைத்திருந்த சேமா ஒந்திவேரோஸ்தான் அவன். பூனைக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவன்.

"உன் முகமூடி போதுமான அளவு உழைச்சிடுச்சு ரோசெந்தோ," என்றார் முதலாளியம்மா. "வேணாம்னா இப்பவே சொல்லு. தாம்பிகோல எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு. முகமூடியோட போயிடு. அங்க உன்ன யாருக்கும் தெரியாது."

சோப்புப் பெட்டி அடுக்கிக்கொண்டே மூன்று நாள் யோசித்தேன். தாம்பிகோ போனால் முகமூடி தப்பும், ஒத்தீலியா அப்பாவைப் பிரிவாள். இருந்தால் தோன் நிகாசியோவின் மேஜை போய்விடும். சரியாக யோசிக்கிற எவனும் தாம்பிகோ என்றிருப்பான், அல்லது மாமனார் காலில் முதலிலேயே விழுந்திருப்பான். என் மனதில் ஓடியது வேறு. எட்டு விளையாட்டிலும் இரண்டாவதாக வந்தவன் பெயரை எவனும் ஒலிபெருக்கியில் சொன்னதில்லை. இப்போது நிரம்பிய அரங்கத்தில், என் கையிலேயே மைக்கைக் கொடுத்து, பெயரைச் சொல்லு என்கிறார்கள். தோற்றுப் போனால் போகட்டும். சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் நீயே சொல்லு, அந்த ஞாயிறுக்கு முன்னாலேயே சொல்லு என்றாள் ஒத்தீலியா. மூன்று திங்கட்கிழமை இருந்தன. முதல் திங்கள் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு டிக்கெட்டை எடுத்து ரொட்டித் தட்டின் பக்கத்தில் வைத்தார்.

"அந்த ஞாயிறு பந்து விளையாட்டுக்கு லீவு சொல்லு. முதல் வரிசை, ரெண்டு சீட்டு. நாலு வருஷமா அந்த நாயோட மூஞ்சியப் பாக்கணும்னு காத்துட்டிருக்கேன். இவ அம்மா போனதுலேர்ந்து அங்க தனியாத்தான் போறேன். இத மட்டும் தனியாப் பாக்க வேணாம்னு தோணுது."

பார்க்கிறேன் மாமா என்றேன்.

"பாக்கறேன் எல்லாம் வேணாம். வர்றேன்னு சொல்லு."

வர்றேன் மாமா என்றேன். அது பொய் இல்லை. அன்றைக்கு நான் அங்கே போகத்தான் போகிறேன். இரண்டாவது திங்கள் அவர் பட்டதாரியின் முகம் எப்படி இருக்கும் என்று ஆராய்ந்தார். மூக்கு நீளம், கன்னம் ஒட்டல், பார்வையில் களவு, பணக்கார வீட்டுப் பிள்ளை என்று தீர்மானம் செய்தார். ஒத்தீலியா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. மூன்றாவது திங்கள் எனக்குச் சோறே இறங்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், ஞாயிறு கத்த வேண்டியிருக்கும் என்று தன் தட்டிலிருந்து ஒரு துண்டு கறியை எடுத்து எனக்கு வைத்தார்.

ஞாயிறும் வந்தது. புழுதிக் காற்று அடித்தும் அரங்கம் வழிந்தது. அங்கியும் தொப்பியுமாக ஏறிப் பார்க்கிறேன், முதல் வரிசையில் தோன் நிகாசியோ. பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை, அவருடைய தொப்பி மட்டும். இடம் கேட்டு வந்த இரண்டு பேரிடம் அவர் சண்டைக்குப் போனதை நான் மேலேயிருந்து பார்த்தேன். கண் வாசலுக்கும் கோதாவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது.

முதல் சுற்று எனக்கு. இரண்டாவது நாரைக்கு. மூன்றாவது சுற்றில் நாரையைக் கயிற்றுக்கு வெளியே தள்ளி, சரியாகத் தோன் நிகாசியோ முன்னால் வைத்து உதைத்துக்கொண்டிருந்தேன். கழுத்து பத்திரமா என்று சேமா பல்லிடுக்கில் என்னைக் கேட்டான், அப்படிப்பட்டவன். அந்த நேரத்தில் என் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து, முகத்துக்கு நேராக விரலை நீட்டினார்.

"இருடா, இருடா. என் மாப்பிள்ள வந்துட்டே இருக்கான். எட்டு விளையாட்டுக்காரன் அவன். வந்தான்னா உன்னக் கிழிச்சிடுவான்."

எட்டிலும் இரண்டாமிடம் என்பதை அவர் சொல்லவில்லை. நாலு வருஷத்தில் அவர் என்னைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். என்னை மிரட்டுவதற்காக என்னைக் கொண்டே பேசினார். ஒரு நொடி கையைக் கீழே போட்டுவிட்டேன். நாரை அந்த நொடியைப் பயன்படுத்திக்கொண்டான். தூக்கி உள்ளே எறிந்து, கயிற்றின் உச்சியிலிருந்து பாய்ந்தான். என் இரண்டு தோளும் தரையில். நடுவர் மூன்று எண்ணினார்.

மண்டியிட்டேன். நாரையே முடிச்சை அவிழ்த்தான். முகமூடி கழன்றதும் எங்கள் ஜனங்கள் ஒரு மரியாதை செய்வார்கள். எவ்வளவு கொடிய ரூடோவாக இருந்தாலும் அந்த நிமிஷத்தில் எழுந்து நிற்பார்கள், ஆண்கள் தொப்பியை எடுப்பார்கள். எழுந்தார்கள். எடுத்தார்கள். தோன் நிகாசியோ எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

மைக் என் கைக்கு வந்தது. "ரோசெந்தோ சமாரிபா. தொரெயோன் பருத்திக் காடு. ஐந்து வருஷம்," என்றேன். கைதட்டல் எழுந்தது. அரங்கம் முழுக்க. ஒரு பெண்பிள்ளை கண்ணைத் துடைத்தாள். தோன் நிகாசியோவின் இரண்டு கையும்கூடப் பாதிவரை உயர்ந்தன, சத்தியமாகப் பார்த்தேன். அங்கே மைக்கைத் திருப்பிக் கொடுத்திருந்தால் நான் வேறு மனிதன். கொடுக்கவில்லை. "எட்டு விளையாட்டு," என்றேன். "சைக்கிள் பந்தயத்தில் எண்பது கிலோமீட்டர் நான்தான் முன்னால்," என்றேன். கைதட்டல் தணிந்தது. ஈட்டிக்கு வந்தபோது இருமல் சத்தம் கேட்டது. குத்துச்சண்டையில் நான் எதிராளியைத் தள்ளிய விதத்தைக் கையால் செய்து காட்டினேன். நடுவர் மைக்கைப் பிடித்து மெல்ல இழுத்தார், நான் விடவில்லை. பேஸ்பால் என்று ஆரம்பித்ததும் மேல் வரிசையிலிருந்து ஒரு ரயில்வேக்காரன் குரல் வந்தது: "அந்தப் பந்து காட்டினவன்டா இவன்."

ஐந்து இழுப்பு விசில். முகமூடி கழன்ற ஒருவனுக்கு இந்த நாட்டில் யாரும் அதுவரை விசிலடித்ததில்லை. எனக்கு அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் தோன் நிகாசியோ பக்கத்து நாற்காலியிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். அவர் மட்டும் விசிலடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் அவர் மகளிடம் இரண்டே கேள்வி கேட்டிருந்தார். முகமூடியைத் துவைத்தது நீயா? இந்த வீட்டிலா? இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லியிருந்தாள். மறுநாள் மதியம் நான் மேஜையில் உட்கார்ந்ததும் அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்து அத்திமரத்தடிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"கோதாவுல இருந்தது தப்புன்னு நான் சொல்லல. நாலு வருஷம் மறைச்சதக்கூட விட்டுடறேன். மனசு எரிஞ்சு உன்கிட்ட சொன்னேன். வீட்டு ஆளுன்னு சொன்னேன். அதக் கொண்டுபோய் அங்க வித்துட்ட."

தனியாக மேஜைக்குத் திரும்பிப் போனேன். பேசுவதற்கு எப்போதும் ஏதாவது வைத்திருக்கும் ஆள் நான்.

ஏழு திங்கட்கிழமை அவர் அத்திமரத்தடியில் சாப்பிட்டார். ஞாயிறு முதல் வரிசை நாற்காலி காலியாகக் கிடந்தது. நான் வெறும் முகத்தோடு சண்டை போட்டேன். முதல் வாரம் சொர்க்கம். மூவாயிரம் பேர் என் சொந்தப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். எனக்கு நெஞ்சு விம்மியது. மூன்றாவது வாரம் கைக்குட்டையை எடுத்தபோது யாரோ சிரித்தார்கள். புதிதாக என்ன செய்வது என்று தெரியவில்லை. ஜனங்களுக்கு எங்கே எரிகிறது என்பது எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை, மேஜையில் சொல்ல ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான். அது அப்போதுதான் உறைத்தது. ஐந்தாவது வாரம் ஒரு வயதான அம்மாள் ஆரஞ்சை என்மேல் எறியாமல் உரித்து நீட்டினாள். ரூடோவுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. சாப்பிட்டும் தொலைத்தேன். தோன்யா எலோய்சா கூப்பிட்டு, ஜனத்துக்கு உன்னைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, இப்படியே போனால் ஆண்டு முடிவில் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார்.

வேலை போவதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. திங்கள் மதியம் அந்த மேஜையில் எதிர் நாற்காலி காலியாக இருப்பதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. இதை ஒத்தீலியாவிடம் சொன்னேன். அப்பாவிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லாதே என்றாள்.

எட்டாவது திங்கள். ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். தோன் நிகாசியோ முற்றத்திலிருந்து தட்டோடு வந்து சமையலறை வாசலில் நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. மகளிடம் பேசினார்.

"அந்த ஆளுகிட்ட ஒண்ணு சொல்லு. நேத்து நான் மேல கடைசி வரிசையில, தூணுக்குப் பின்னால உக்காந்திருந்தேன்."

ஒத்தீலியா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"அடி விழறப்ப அவன் மூஞ்சி பாவமாப் போயிடுது. முகமூடி இருந்த வரைக்கும் தெரியல. நேத்து என் பக்கத்துல இருந்தவன் 'ஐயோ பாவம்'ங்கறான். நாலு வருஷம் நான் வெறுத்த ஆளப் பாத்து ஐயோ பாவமாம். எனக்கு அவமானமா இருந்துச்சு. பாவமா இருக்கறவன நான் எப்படித் திட்டறது? அதக் கேட்டுச் சொல்லு."

"ஆளு உங்க முன்னாலதான் உக்காந்திருக்கு," என்றாள் ஒத்தீலியா. "நீங்களே கேளுங்க. எனக்கு ரொட்டி கருகுது."

அவர் உள்ளே வந்தார். பிறகு எதிர் நாற்காலியை இழுத்து, என்னைப் பார்க்காத மாதிரி பக்கவாட்டில் உட்கார்ந்தார். அடி விழுகிற மாதிரி முகத்தை வை என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். வைத்தேன். ஓரக்கண்ணால் பார்த்தார்.

"பாரு. கன்னுக்குட்டி மாதிரி இருக்கு. புருவத்த இறக்கு."

இறக்கினேன்.

"இன்னும் பாவமாத்தான் இருக்கு. கீழ் உதட்ட உள்ள இழு. அப்படியே வெச்சுக்க."

உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு வாரத்தில் முதல் தடவையாக அவர் நேராகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம், எஞ்சினில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இப்ப சரி மாப்பிள்ள," என்றார். "இப்ப பாத்தா எனக்கே ஒரு அறை விடணும்போல இருக்கு."

தட்டை மேஜையில் வைத்து, நாற்காலியை நேராகத் திருப்பி, பயறை ரொட்டியில் அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தார். ஒத்தீலியா எனக்கும் ஒரு சூடான ரொட்டி போட்டாள். உதட்டை விட்டால் எழுந்து போய்விடுவாரோ என்று பயம் எனக்கு. அவர் தட்டு காலியாகும்வரை நான் அந்த ரொட்டியைத் தொடவில்லை.